அன்னாசிப் பழி

அருண்பாண்டி அன்னாசியைக் கையால் தொடாமல் விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பதைத் திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் பனியன் கம்பெனிகள் விட்டதும் வருகிற கூட்டம் அவன் தள்ளுவண்டிக்கு முன்னால் நிற்கும். கரி அடுப்பில் வாட்டிய கோழியை வாங்கிக்கொண்டே, "அந்த அன்னாசிக் கோழி எப்பண்ணே போடுவீங்க?" என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுத்தான் நகரும். கேட்கிறவர்கள் நாக்குக்காகக் கேட்டார்கள். அவனுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. "பழம் சரியில்லண்ணே" என்பான். சந்தையில் அன்னாசி குவிந்து கிடக்கிற மாசத்திலும் அவனிடம் அதே பதில்தான்.

பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அவன் மனைவி நாகஜோதி ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வாள். பாவம், புருஷனோடு சேர்ந்து அவளும் துக்கப்படுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் குனிந்தது அதற்காக அல்ல. அருண்பாண்டி சுமக்கிற பழி அவனுடையது இல்லை என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அந்தக் கோழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தேனிப் பக்கத்துக்காரனான அருண்பாண்டி கல்யாணத்துக்கு முன்னால் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அடுப்படி வேலை பார்த்தவன். சம்பாத்தியம் என்று பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை. இந்தக் கோழியைக் கொண்டுவந்தான். எலும்பு எடுத்த தொடைக்கறியை இஞ்சி, பூண்டு, மிளகாய் விழுது, நாட்டுச்சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சோயா சாஸ் எல்லாம் போட்டுப் பிசைந்து காலையிலேயே ஊறவைத்துவிடுவான். அன்னாசிச் சாறை மட்டும் அடுப்பு மூட்டுகிற நேரத்தில்தான் ஊற்றுவான். ஆசைப்பட்டு முன்னாலேயே ஊற்றினால் கறி குழைந்து கம்பியில் நிற்காது. பிறகு கம்பியில் ஒரு துண்டு கறி, ஒரு துண்டு பழம் என்று மாற்றி மாற்றிக் கோத்து, கனன்ற கரிமேல் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பான். சர்க்கரை உருகி ஓரமெல்லாம் கருகும்; பழம் சுருங்கித் தன் சாறைக் கறிக்குக் கொடுக்கும். இனிப்பும் புளிப்பும் கார்ப்புமாக அந்தப் புகை ரோட்டைத் தாண்டிப் போகும். ஓவர்டைம் பார்க்கச் சம்மதித்திருந்த தையல்காரன்கூட அந்த வாசத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவான் என்று கம்பெனி சூப்பர்வைசர்கள் புலம்புவார்கள்.

பகலில் அவனும் பனியன் தைக்கிறவன்தான். நாகஜோதி சாமியப்பன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வந்த பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போனதில்லை என்று பெயர்.

கல்யாணமாகி ஆறு வருஷம் வரைக்கும் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும். ஊரில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று போய் உட்கார்ந்தால் போதும், பந்தியில் சாம்பாருக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். ஒரு சின்னம்மா, அருண்பாண்டிக்கு வேறு பெண் பார்த்தால் என்ன என்று நாகஜோதி காதில் விழும்படியே சொன்னாள். மாமியார் கருத்தம்மா அன்றைக்கு அதை மறுக்கவில்லை. சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருத்தல்தான் நாகஜோதியை அறுத்தது.

ஏழாவது வருஷம் கரு நின்றது. கருத்தம்மா ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கே வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாகப் பூமியில் விளைகிறதில் பாதியை மருமகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்தாள். பப்பாளி கூடாது, எள்ளு கூடாது, அன்னாசி கூடவே கூடாது. கரு கலைந்துவிடும். அது மட்டும் அருண்பாண்டிக்குத் தாய் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். நாகஜோதி வண்டிப் பக்கமே வரக்கூடாது என்று அவனே உத்தரவு போட்டான். அன்னாசி நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். மசக்கையில் சோற்று வாசமே ஆகாமல் கிடந்தவளுக்கு, அவன் சட்டையில் ஒட்டியிருந்த அந்தப் புகை வாசம் மட்டும் பிடித்தது. சட்டையைத் துவைக்கப் போடுகிற சாக்கில் முகர்ந்து பார்த்துக்கொள்வாள். கேட்கமாட்டாள். ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் சில மாசம் ஒரு பெரிய விஷயமா?

ஐந்தாம் மாசம் ஸ்கேன் எடுக்கப்போன அன்றைக்குக் கருத்தம்மா சொந்தத்தில் ஒரு சாவுக்குக் கேதம் கேட்க ஊருக்குப் போயிருந்தாள். அருண்பாண்டிக்குக் கம்பெனியில் அவசர ஆர்டர். நான் என்ன குழந்தையா, போய்வந்துவிடுவேன் என்று நாகஜோதி அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கருவியை வயிற்றில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துடிப்பு நின்றுவிட்டது, ஒரு வாரம்கூட ஆகியிருக்கலாம் என்றாள். நீ எந்தத் தப்பும் பண்ணவில்லை, சில கரு இப்படித்தான், காரணம் யாராலும் சொல்லமுடியாது, நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா, ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். நல்ல மனுஷி. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நாகஜோதிக்கு விளங்காமல் போகவில்லை.

திரும்பி வருகையில் பஸ்ஸில் கூட்டம். வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல நாகஜோதிக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அடக்கிக்கொண்டாள். வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் வண்டி நிற்கும் இடத்தில் இறங்கினாள்.

அப்போதுதான் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அவளைப் பார்த்ததும் அருண்பாண்டி முகமெல்லாம் பல்லாக, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். நாளைக்கு உங்களையும் வரச் சொன்னார்கள் என்றாள். பிள்ளையைத் திரையில் காட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டான். அவனிடம் எப்படிச் சொல்வது? எதிரே கரிமேல் கம்பிகள் வரிசையாக வெந்துகொண்டிருந்தன.

"பசிக்குது மாமா. அதுல எனக்கு ரெண்டு துண்டு குடுங்க."

அவன் பதறிப்போய் முடியாது என்றான். அம்மா கொன்றுபோடுவாள் என்றான். ஒன்றும் ஆகாது, கொடுங்கள் என்று மறுபடி கேட்டாள். அத்தனை மாசம் எதையெதையோ காப்பாற்ற வாயைக் கட்டியவளுக்கு, இனிமேல் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்ற கோபம் இருந்தது. வாயில் எதையாவது வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம் என்றும் இருந்தது. கர்ப்பிணி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லவும் அவனுக்குப் பயம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கம்பியிலிருந்து ஒரு துண்டு கறியையும் ஒரு துண்டு பழத்தையும் உருவினான். ஊதி ஊதி ஆறவைத்து அவனே அவள் வாயில் வைத்தான். அப்புறம் இன்னொன்று. அவள் மென்று முழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். விடிவதற்குள் வலி வந்துவிட்டது. கிட்டத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினார்கள். கலைந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது அருண்பாண்டி வராந்தாவில் நின்றுகொண்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரைக் கண்டாலும், "நான் அன்னாசி குடுத்துட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதெல்லாம் இல்லப்பா என்று ஒரு டாக்டர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். தன்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஊரிலிருந்து வந்த கருத்தம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே மகனை முதுகில் அறைந்தாள். பெற்ற பிள்ளையைக் கொன்றவனே என்று எல்லோரும் பார்க்கக் கத்தினாள். நாகஜோதி கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டாள். எழுந்துபோய்ச் சொல்லவேண்டும் என்றுதான் காலைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து, கூட வந்த சின்னம்மா, "அந்தப் புள்ள வயித்துல தங்கலைன்னா இவன் என்ன பண்ணுவான்" என்று இழுத்தாள். கருத்தம்மா அவள்மேல் பாய்ந்துவிட்டாள்.

"எம் மருமக வயித்துல என்னடி குறை? அஞ்சு மாசம் பொத்திப் பொத்தி வச்சிருந்தா. இவன் குடுத்த அன்னாசி அறுத்துப்போட்டுச்சு. இனி எவளாச்சும் எம் மருமகளச் சொன்னா நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்."

அன்றைக்கு மதியம் ரசஞ்சோற்றைப் பிசைந்து கருத்தம்மாவே மருமகளுக்கு ஊட்டினாள். ஆறு வருஷமாக வராத பிரியம் அது. நாகஜோதி சோற்றோடு சேர்த்துச் சொல்ல வந்ததையும் முழுங்கினாள். கொடுமைக்காரி என்று நாகஜோதியைச் சொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் அவளுக்கென்று ஒரு இடம் கிடைத்ததே அன்றைக்குத்தான். பழியை அன்னாசி தூக்கிக்கொண்டு போகிறது, போகட்டும் என்று இருந்துவிட்டாள். அன்னாசிக்குப் பின்னால் புருஷன் நின்றுகொண்டிருந்தது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

உறைத்தபோது நாள் கடந்துவிட்டது. அவன் மிச்சமிருந்த பழத்தையெல்லாம் சாக்கடையில் கொட்டினான். பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். அந்தத் தலையில் சந்தனம் பூசிவிட்டவள் நாகஜோதிதான். பூசிக்கொண்டிருக்கும்போது, "அந்தச் சாமி என்னை மன்னிச்சிருக்குமா ஜோதி?" என்று கேட்டான். மன்னித்திருக்கும் என்றாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைத்திருக்காது. அதையும் விட்டாள். அதற்குப் பிறகு அவன் யார் வீட்டுக் குழந்தையையும் தூக்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், அதன் தாயைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பான். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாகஜோதிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாளை இருந்தது.

இப்படி இருக்கையில்தான் கம்பெனி முதலாளி சாமியப்பன் ஒரு விருந்து வைத்தார். பெரிய ஆர்டர் ஒன்று முடிந்து கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் கறிச்சோறு போடுவது அவர் வழக்கம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், முருக பக்தர். அந்த ஞாயிறு கிருத்திகையாக இருந்தால் விருந்து அடுத்த வாரத்துக்குப் போகுமே தவிர நின்றுபோகாது. இந்தத் தடவை அவரே வண்டிக்கு நடந்து வந்தார்.

"ஏனுங் தம்பி, அந்த அன்னாசிக் கோழி நம்ம புள்ளைங்களுக்கு ஒருக்காப் போட்டுக் குடுக்கோணும். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றார்.

அருண்பாண்டி முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். நாகஜோதி முந்திக்கொண்டு, செய்கிறோம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் அவன் அவளிடம் பேசவில்லை. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள். ஒரே ஒரு தடவை, எனக்காக என்றாள். அவன் கை மறுபடி அந்தப் பழத்தைத் தொட்டுவிட்டால், நாலு பேர் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவன் பழையபடி ஆகிவிடுவான், தான் எதையும் சொல்லவேண்டியிராது என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள். குறுக்கு வழிதான். அவளுக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் செங்கல் அடுக்கி நீளமாக அடுப்புக் கட்டினார்கள். கருத்தம்மாவும் ஒத்தாசைக்கு வந்திருந்தாள். அன்னாசிக் கூடை இருந்த பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். அருண்பாண்டி முதல் பழத்தை வெட்டுவதற்குள் இரண்டு தடவை கத்தியைக் கீழே வைத்தான். இரண்டாவதில் அவ்வளவு தயக்கம் இல்லை. கரி கனன்று, கம்பிகள் ஏறி, அந்த வாசம் கிளம்பியதும் ஜனம் தட்டோடு வந்து மொய்த்தது. வடநாட்டுப் பையன்கள் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள். சாமியப்பன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அருண்பாண்டி சிரித்தான். ஒரு வருஷம் கழித்து அவன் சிரித்ததைப் பார்த்ததில் நாகஜோதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவில்தான் அவள் அசந்துபோனாள். செக்கிங்கில் அவள் பக்கத்து மேஜையில் நிற்கும் சித்ரகலா தட்டை நீட்டினாள். அவிநாசிப் பக்கத்துப் பெண், தலைச்சன் பிள்ளை உண்டாகி வயிறு மேடிட்டிருந்தது. "எனக்கு ரெண்டு துண்டுங்க்கா. வாசம் புடிச்சதுல இருந்து வாயெல்லாம் ஊறுது. எங்க டாக்டரம்மா அளவாத் தின்னா ஒண்ணும் ஆவாதுன்னுட்டாங்க" என்றாள். நாகஜோதி யோசிக்கவே இல்லை. இதனால் ஒன்றும் ஆகாது என்பது அவளைப்போல யாருக்குத் தெரியும்? நன்றாக வெந்த துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். சித்ரகலா ஒன்றை வாயில் போட்டாள்.

கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்த அருண்பாண்டி நிமிர்ந்து பார்த்துவிட்டான். பாய்ந்து வந்து அந்தப் பெண்ணின் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டான். கறியும் பழமும் மண்ணில் விழுந்தன. துப்பு, துப்பு என்று கத்தினான். அவள் மிரண்டுபோய் முழுங்கிவிட்டாள். அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீயா குடுத்த? நம்ம வீட்டுல செத்தது பத்தலையா ஜோதி? எம் பிள்ளைய இந்தக் கையால குடுத்துத்தான கொன்னேன்."

எல்லோருக்கும் கேட்டது. அவன் பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினான். வெந்துகொண்டிருந்த கம்பிகளோடு சேர்ந்து கரி அவிந்து சாம்பலும் ஆவியும் மேலே கிளம்பின. சித்ரகலாவின் புருஷன் முருகேஷ் ஓடிவந்து, என்ன தின்றாய், எவ்வளவு தின்றாய் என்று அவளைப் பிடித்து உலுக்கினான். டாக்டர் சொன்னதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மறந்துபோய்விட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற குழந்தையம்மாள் ஒரு சொம்பில் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, "குடிச்சுப்போட்டு வாந்தி எடுத்துரு கண்ணு" என்று வாயில் வைத்தாள். சித்ரகலா குடித்தாள், குமட்டினாள், வரவில்லை. தொண்டைக்குள் விரலை விடச் சொன்னார்கள். விட்டாள். கண் பிதுங்கியது.

நாகஜோதி போய் அந்தச் சொம்பைப் பிடுங்கினாள். ஒன்றும் ஆகாது, அந்தப் பிள்ளையை விடுங்கள் என்றாள். குழந்தையம்மாள், தின்றுவிட்டுப் பறிகொடுத்தவள் நீயே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டாள். மாமியார் எழுந்து நிற்பதை நாகஜோதி பார்த்தாள். புருஷன் கையில் காலிக் குடத்தோடு நிற்பதையும் பார்த்தாள். இனி நாளை என்று ஒன்று இல்லை.

"நான் திங்கறதுக்கு முன்னாடியே அது செத்துருச்சு. அன்னைக்கு மத்தியானமே ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. துடிப்பு நின்னு ஒரு வாரம் இருக்கும்னாங்க. தெரிஞ்சுதான் வந்து கேட்டு வாங்கித் தின்னேன். அன்னாசியால ஒண்ணும் ஆகல. அவரு ஒண்ணும் பண்ணல."

முருகேஷ் சித்ரகலாவின் முகத்தைத் துடைத்து நாற்காலியில் உட்காரவைத்தான். சாமியப்பன் மற்றவர்களைச் சோறு சாப்பிடப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

கருத்தம்மா நாகஜோதியின் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நாகஜோதி நினைத்தாள். "ஒரு வருசமா எம் பிள்ளைய நான் கொலகாரன்னு சொல்லிட்டு இருந்தேனேடி" என்றாள் கருத்தம்மா. அவ்வளவுதான். மடியிலிருந்த பூண்டுத் தோலை உதறிவிட்டு, மகனைப் பார்க்கவும் முடியாமல், கேட்டைத் தாண்டி பஸ் நிற்கும் பக்கம் நடந்துபோனாள். நாகஜோதியை அவள் கூப்பிடவில்லை. இனி கூப்பிடுவாள் என்றும் தோன்றவில்லை.

அருண்பாண்டி குழாயடிக்குப் போயிருந்தான். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுவுகிற மாதிரியும் தெரியவில்லை. நாகஜோதி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இந்த நிமிஷத்தை அவள் பலதரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் அறைவதாக, ஊருக்கு மூட்டை கட்டச் சொல்வதாக, வேறு பெண் பார்ப்பதாக எல்லாம் நினைத்திருக்கிறாள். எது வந்தாலும் சரி, அவன் நெஞ்சிலிருந்து அந்தக் கல் இறங்கிவிடும் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அடிப்பதானால் அடித்துவிடுங்கள் என்றாள். அவன் அடிக்கவில்லை. குழாயை மூடினான்.

"அன்னைக்கு மத்தியானமேவா?"

"ஆமா மாமா."

"ஒரு வாரம் முன்னாடின்னா சொன்னாங்க?"

"ஆமா."

அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள். இல்லை. பாரம் இறங்கிய முகமாகவும் அது இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கையிலிருந்ததைத் தொலைத்தவன் முகமாக இருந்தது. ஈரக் கையைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"நான் உனக்காகவா அன்னைக்கு ஊட்டுனேன்னு நெனச்ச? உள்ள இருந்த பிள்ளைக்குக் கார்ப்பு ஒத்துக்காதுன்னு மேல இருந்த மிளகாயெல்லாம் வழிச்சுப்போட்டுட்டு, சூடும் ஆகாதுன்னு ஊதி ஊதித்தான் குடுத்தேன். கொன்ன பாவிதான் நான். ஆனா ஒரு வாயாச்சும் அப்பன் கையால தின்னுட்டுத்தான் போச்சுன்னு இருந்தேன். அது ஒண்ண வச்சுத்தான் இந்த ஒரு வருசமும் இருந்தேன் ஜோதி."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அது திங்கவே இல்லையா?"

தின்றது மாமா என்று சொல்லிவிட நாகஜோதிக்கு உயிரே துடித்தது. ஒரு வருஷம் காத்த பொய்யில் அந்த ஒரு வாயை மட்டுமாவது அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட ஏங்கினாள். வாயைத் திறந்தாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.